மாட்டுக் கொட்டகைப் பள்ளிக்கூடம்

என் மகளுக்கு இனி நானே வாத்தியார் என்று ஒருநாள் முடிவு செய்தேன். அது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் மாட்டு வியாபாரி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் எந்தச் சந்தையிலும் முத்துசாமி என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கும்பிடுவார்கள். மீதிப் பேர் திட்டுவார்கள். எனக்கு இரண்டும் மரியாதைதான். மழைக்குக்கூட நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. ஆனால் படித்தவன் எவனாவது என்னிடம் ஒரு கன்றுக்குட்டியை லாபத்துக்கு விற்றிருக்கிறானா? கேட்டுச் சொல்லுங்கள்.

அன்று அரியலூரிலிருந்து வரும்போது கரியை எரித்து ஓடும் பஸ் பாதி வழியில் மூச்சை விட்டுவிட்டது. சண்டைக் காலம். பெட்ரோல் பட்டாளத்துக்கு, புகை எங்களுக்கு. தள்ளிப் பார்த்து, திட்டிப் பார்த்து, கடைசியில் நடந்தே வீடு வந்தேன். சட்டையும் முகமும் ஒரே நிறம். என் மனைவி பாப்பாயி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கூடவே ஆரம்பித்தாள்.

“ஏங்க, ஜெகதாவுக்கு அஞ்சு வயசாச்சு. சவரிராஜ் வாத்தியார்கிட்ட பள்ளிக்கூடத்துல சேத்துடலாங்களா?”

“எதுக்கு? படிச்சுட்டு கலெக்டராவா ஆவப்போவுது?”

“கையெழுத்தாச்சும் போடுமில்ல.”

“நான் கைநாட்டு. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? எம் பொண்ணுக்கு நானே சொல்லிக் குடுக்கறேன். நாளைக்கே.”

“சரிங்க,” என்றாள்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். கேட்ட முதல் விலைக்கே ஒருவன் மாட்டைப் பிடித்துக் கொடுத்தால் அந்த மாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது. சந்தையில் இது எனக்குத் தெரியும். வீட்டில் தெரியவில்லை.

மறுநாள் காலை மாட்டுக் கொட்டகையில் பள்ளிக்கூடம் திறந்தேன். முதல் பாடம் கணக்கு. ஓர் எருதின் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினேன். மாட்டின் வயசு பல்லில் இருக்கிறது. ஜோடி ஜோடியாக முளைக்கும்.

“ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. சொல்லு.”

ஜெகதா சொன்னாள். கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

சாணிக்கூடையோடு வந்த பாப்பாயி நின்றாள். “ஒண்ணுங்கறது எங்கங்க போச்சு?”

“ஒத்தப் பல்லு மாட்டை எவன் வாங்குவான்? வியாபாரத்துல அதெல்லாம் கெடையாது. நீ உன் வேலையப் பாரு.”

அடுத்த பாடம் பேரம். “எவன் எது கேட்டாலும் மொதல்ல வேணாம்னு சொல்லணும். ஆசைய மொகத்துல காட்டப்படாது. ஒத்து வரலியா, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும். அவனே பின்னாடி வந்து கூப்புடுவான். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுப்பா.”

“எங்க, திரும்பச் சொல்லு.”

“வேணாம்.”

“சொல்லும்மா.”

என் துண்டை எடுத்தாள். உதறினாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நானே பின்னாடி போய்க் கூப்பிட்டேன். ஒரு வெல்லக்கட்டி தருவதாகச் சொன்னேன். நடந்தாள். இரண்டு என்றேன். நின்றாள், ஆனால் திரும்பவில்லை. நாலு கட்டிக்கு வந்து உட்கார்ந்தாள். உச்சிப் பொழுதுக்குள் வெல்லப் பானை காலி. எனக்குக் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தன. என் ரத்தமல்லவா.

அந்த நேரம் பார்த்து மணியக்காரர் இராமலிங்கம் உழவு மாடு வேண்டுமென்று வந்தார். ஊருக்கே பெரிய மனுஷர். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் தூக்கி வைத்து வாய் நிறையச் சிரித்தார். ஜெகதா அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“அப்பா, இதுக்குப் பல்லே இல்ல. ஓட்டிக்கிட்டுப் போவச் சொல்லு.”

மணியக்காரர் போய்விட்டார். மாடு வாங்காமல் போய்விட்டார்.

பாப்பாயி திட்டுவாள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவளோ குழந்தையின் வாயில் ஒட்டியிருந்த வெல்லத்தைத் துடைத்தபடி, “நல்லாத்தாங்க சொல்லிக் குடுக்கறீங்க,” என்றாள். “இனிமே பள்ளிக்கூடப் பேச்சே வேணாம். கேட்டாலும் சேக்க மாட்டாராம். மாட்டு வியாபாரி புள்ளைக்கு எங்க படிப்பு ஏறப்போவுதுன்னாராம் வாத்தியாரு.”

“யாரு, சவரிராஜா?”

“வுடுங்க. நமக்கு எதுக்கு.”

“எம் பொண்ணச் சேக்க மாட்டேன்னு சொல்ல அவன் யாரு?”

குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். சவரிராஜ் வாத்தியார் ஏலாக்குறிச்சிக்காரர். காற்றடித்தால் சாய்கிற உடம்பு. ஆனாலும் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. ஜெகதாவின் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால்தான் பள்ளிக்கூட வயசு. விரல் எட்டவில்லை.

“காது எட்டலீங்க. அடுத்த வருஷம் பாப்போம்.”

“ஒரு விரக்கடைதான வாத்தியாரே. தலையச் சாச்சா எட்டும்.”

“சாய்க்கப்படாது.”

“காதக் கொஞ்சம் மேல இழுத்துக்குவோம்.”

“இழுக்கவும் படாது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வேப்பமரம் வரை போனேன். வாத்தியார் கூப்பிடவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தேன். நிழல் எப்படி என்று பார்க்கப் போனதாகச் சொன்னேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரே வழிதான் இருக்கு. உங்கள மாதிரி ஆளுங்க பாதியில நிறுத்திடுவீங்க. அஞ்சாவது வரைக்கும் நிறுத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. சேத்துக்கறேன்.”

நானா பாதியில் நிறுத்துகிறவன்? கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“அஞ்சு என்னய்யா அஞ்சு? டவுனுக்கு அனுப்பியாச்சும் எட்டாவது வரைக்கும் படிக்க வைப்பேன். சிறுவாச்சூர்க் காளி மேல சத்தியம். இப்ப என்ன சொல்ற?”

வாத்தியார் அவசரமாகப் பதிவேட்டைத் திறந்தார். ஜெகதாவின் பேரை எழுதினார். எதிராளி எழுத ஆரம்பித்துவிட்டால் பேரம் நம் பக்கம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாப்பாயி கம்பு புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எட்டாவதுங்களா?”

“எட்டாவதுதான். எங்கிட்டயா நடக்கும்?”

“மூணாவது போதும்னுதாங்க நான் நெனச்சேன். நீங்க அடிச்சுப் பேசிக் கொறைப்பீங்களேன்னு, வாத்தியார அஞ்சுன்னு கேக்கச் சொல்லி வச்சிருந்தேன்.”