அடிக்குறிப்பில் வளர்ந்த எக்ஸ்

கொல்கத்தாவில் அச்சாகும் எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்பதற்கு ஒரே காரணம், டாலிகஞ்சில் குடியிருக்கும் ஒரு பெண்மணியின் மேல் அவற்றுக்கு இருக்கும் பயம். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவும் நான் தயார்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பாடப்புத்தகங்களைக் கணினியில் பக்கம் கட்டித் தரும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. அங்கேதான் அந்தப் பெண்மணிக்கும் வேலை; எல்லோருக்கும் அவர் பாயிண்ட்-தி. பாயிண்ட் என்பது எழுத்தின் அளவு; 'தி' என்பது தீதி, அதாவது அக்கா என்பதற்கு வங்காளிகள் பெயரோடு ஒட்டுவது. தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்து, வங்காளத்தில் கோபப்பட்டு, ஆங்கிலத்தில் முடிப்பார். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதன் முனையில் ஒரு லென்ஸ். அந்த லென்ஸ் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் உண்டா என்று எனக்குத் தெரியாது.

அவருக்கு இருந்தது ஒரே வியாதி. ஒரு வரியில் எழுத்தும் எண்ணும் சேர்ந்து வந்தால் இரண்டும் கண்ணுக்கு ஒரே உயரமாகத் தெரிய வேண்டும். எங்கள் ப்ரூஃப் ரீடர் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது, மனுஷி வாழ்த்துக்கூடச் சொல்லாமல் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குள்ளமா இருக்கே" என்று வங்காளத்தில் சொன்னார். தேதியைத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "குணம் ரொம்ப நல்லது, தீதி" என்றார்.

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே போர்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது? இட்லியைவிட இட்லி வெலை உசரமா நிக்கறது!"

"எங்க இட்லி பஞ்சு மாதிரிம்மா. உள்ள வந்து சாப்பிட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

"முதல்ல போர்டை மாத்துங்கோ. அப்புறம் வரேன்."

மூன்று வாரம் வாசல்வரை வந்து, போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான்காவது வாரம் கடைக்காரர் பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த ஆபீஸில் நான் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம்தான் வேலை நிரந்தரமாகும். அதற்குள் அவசரப்பட்டு மனைவியையும் மகளையும் அழைத்து வந்து, நாயாய் அலைந்து மகளுக்கு ஸ்கூலில் இடமும் வாங்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா புத்தகம், வங்காள மொழியில், என் தலையில் வந்து விழுந்தது. "துர்கா பூஜா லீவுக்கு முன்னால் இது பிசகில்லாமல் அச்சுக்குப் போகாவிட்டால், திருச்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் முதலாளி. அவரை நாங்கள் எல்லோரும் தாதா என்போம். அங்கே அப்படியென்றால் அண்ணன்.

முதல் பக்கத்தைப் பார்த்ததுமே பாயிண்ட்-தி லென்ஸைத் தூக்கினார்.

"சார், பக்கத்துல இருக்கற வங்காள எழுத்தோட பார்த்தா இங்கிலீஷ் எக்ஸ் நோஞ்சானா இருக்கு பாருங்கோ."

"ரெண்டுமே பதினோரு பாயிண்ட்தாங்க மேடம். கம்ப்யூட்டரே சொல்லுது."

"நாப்பது சைஸ் சட்டை போட்ட ரெண்டு பேர் ஒரே உசரமா இருப்பாளா? ஒவ்வொரு ஃபாண்டுக்கும் ஒவ்வொரு உடம்பு. நூத்துக்கு ஆறு பங்கு கூட்டுங்கோ."

கூட்டினேன். அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது. 'சுற்றியுள்ள எழுத்தைவிட இத்தனை பங்கு அதிகம்' என்று மென்பொருளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்னவோ மேதை மாதிரி, மனக்கணக்குப் போட்டு ஒரே அளவைப் புத்தகம் முழுவதற்கும் அடித்துவிட்டேன். பாடத்தில் அழகாகப் பொருந்தியது. தலைப்பையும் அடிக்குறிப்பையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகாளய அமாவாசைக்கு மறுநாள். சாயங்காலத்துக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும். காலையில் தாதா ஒரு பக்கத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். தலைப்பின் கொட்டை எழுத்துகளுக்கு நடுவே எக்ஸ் இருந்த இடமே தெரியவில்லை. அடிக்குறிப்பிலோ, பொடி எழுத்துகளுக்கு நடுவே, ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்த ஆறடி வாத்தியாராக இருந்தது.

"கே கொரேச்சே?" என்று கத்தினார் தாதா. யார் செய்தது என்று கேட்கிறார். எனக்கு மகளின் புது யூனிஃபார்ம் கண் முன்னால் வந்து நின்றது.

"ஆமி" என்றது ஒரு குரல். நான்தான் என்று அர்த்தம். சொன்னவர் பாயிண்ட்-தி.

ஆபீஸே ஆடிப்போய்விட்டது. ப்ரூஃப் ரீடரின் கையிலிருந்த மண் கோப்பை டீயோடு கீழே விழுந்தது. கத்துவதற்குத் திறந்த வாயைத் தாதா அப்படியே மூடிக்கொண்டார். பிறகு, "தீதி, உடம்பு சரியில்லையா? முதலில் உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் பாட்டில் தண்ணீரையும் நீட்டினார்.

பாயிண்ட்-தி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அடித்த அளவை எடுத்துவிட்டுப் பங்குக் கணக்கைப் போட்டோம். எக்ஸ் தலைப்பில் வளர்ந்தது, அடிக்குறிப்பில் குறைந்தது. கூடவே ஏழெட்டுப் பக்கங்களில் வரிகள் இடம் மாறித் தொலைத்தன. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். நாலு மணிக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது.

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்குன்னா வேலை போயிடும். எனக்குன்னா பேர்தானே போகும். கொழந்தை இப்பதான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சிருக்கா."

பேர்தானே என்று எளிதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம், அவர் லென்ஸைத் தூக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "அடிக்குறிப்பு!" என்று கத்துவார். பாயிண்ட்-தி லென்ஸைக் கீழே போட்டுவிடுவார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தபோதெல்லாம் ஒரு முறைப்பு முறைத்து உட்கார வைத்தார்.

அந்த வருஷம் பூஜை முடிந்ததுமே எனக்கு வேலை நிரந்தரம் என்ற கடிதம் வந்தது. முதலில் அவரிடம்தான் கொண்டுபோனேன். லென்ஸை வைத்துப் பார்த்தவரின் முகம் மாறியது.

"உங்க பேரை மட்டும் வேற ஃபாண்ட்ல அடிச்சிருக்கா. மத்த எழுத்தைவிட சின்னதா விழுந்திருக்கு."

"பரவாயில்லீங்க மேடம். வேலை கிடைச்சாச்சுல்ல."

"என்ன பரவாயில்லை?"

கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு தாதாவின் அறைக்குப் போனார். உள்ளே வங்காளத்தில் பெரிய சண்டை. "அடிக்குறிப்பு!" என்று ஒருவர் கத்தினார், அன்றைக்கு மட்டும் பாயிண்ட்-தி லென்ஸைக் கீழே போடவில்லை. அரை மணி நேரத்தில் புதுக் கடிதத்தோடு வந்து, என் மேஜையில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது நான் திருச்சிக்கே திரும்பிவிட்டேன். அந்தக் கடிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், என் பெயர் ஒரு மயிரிழைகூடக் குறைந்துவிடக் கூடாது என்று எனக்காகச் சண்டை போட்ட அந்த மனுஷியை நினைத்துக் கண் கலங்குகிறது.