மைக்ரோமீட்டர் அண்ணன் மாட்ட மறுத்த வயர்

எங்கள் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் பிடிவாதக்காரர் யார் என்று போட்டி வைத்தால் மைக்ரோமீட்டர் அண்ணன் கலந்துகொள்ள மாட்டார்; போட்டி விதிகளே தப்பு என்று நடுவரோடு மல்லுக்கு நிற்பார். நான் சாமான் வாங்கும் வேலையில் இருந்த நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் அவர் எலெக்ட்ரீஷியன். கம்பியின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். பிராட்டா ரொட்டியைக்கூட அளந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பயந்துபோன கடைக்காரர் அவருக்கு மட்டும் தடிமனாகப் போட ஆரம்பித்தார்.

ஒரு தீபாவளிச் சந்தை. ஆறு மணிக்குத் திறப்பு. மின்சாரப் பெட்டி மேடைக்குப் பக்கத்தில், மின்சார ஃப்ரையரில் வடை பொரிக்கும் நாலு கடைகள் எதிர்க்கோடியில். "நீளமா ஒரு வயர் வாங்கிட்டு வா" என்றார் முதலாளி. அறுபது மீட்டர், விரல் தடிமனில் வாங்கி வந்தேன். மலிவும்கூட. எனக்கு ஒரே பெருமை.

அண்ணன் அதன் நுனியில் ஒரு சாண் வெட்டினார். கொழுத்த ரப்பருக்குள் நூல் மாதிரி கம்பி.

"செம்புதானே அண்ணே?"

"செம்புதான்மா. அதோட குணத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா நீளம் ரெண்டு மடங்கானா தடை ரெண்டு மடங்கு. குறுக்குவெட்டு பாதியானா இன்னொரு ரெண்டு மடங்கு. நாலு ஃப்ரையரை இதுல மாட்டினா, எண்ணெய்க்கு முன்னாடி வயர் காயும் லா."

முதலாளி வந்தார். "மூணு மணி நேரந்தானே, மாட்டு."

"மாட்ட மாட்டேன்."

"அப்ப நாளையிலேருந்து வராத."

"சரி. இன்னிக்கு வேலை இருக்கே."

சொன்னவர் நாலு கடைகளையும் மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தடித்த கேபிளில் இணைத்தார். இடத்துக்காக மேடை எதிர்க்கோடிக்குப் போனது. மைக்குக்கு என் நூல்கம்பி வயரே போதுமாம். அது இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தானாம். சிறப்பு விருந்தினர் காலி நாற்காலிகளுக்கு அரை மணி நேரம் உரையாற்றினார். கூட்டம் முழுக்க வடைக்கடையில் நின்றது.

மறுநாள் அண்ணனுக்கு வேலை இல்லை. என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், முதலாளி படித்தாலும் பரவாயில்லை. தப்பான வயர் வாங்கியது நான். அந்த நாலு கடைக்காரம்மாக்களும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது அண்ணனால். அவரைக் கிறுக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன.