ஈறு வாங்கிய மார்க்

அன்று பழங்காநத்தத்துப் பல் கிளினிக்கில் நாலு பேர் இருந்தோம். டாக்டரம்மா, அவர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நர்ஸ், நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த கட்டிங் பிளேயர் அண்ணன், பக்கத்தில் நான். வராதவர் அண்ணனின் வீட்டுக்காரம்மா, எங்கள் மதினி. கப்பலூரில் வேலை என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து மதினியிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்றார். அது என்னிடம் சொன்ன பொய்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒயர்மேன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கையால் பிளேயரைத் தொடாமலே ஒரு முழு மில்லுக்குக் கரண்ட் கொடுத்த மனிதர் இவர் ஒருவர்தான். பிளேயர் பையில் இருக்கும், பை தரையில் இருக்கும், அண்ணன் ஏணி உச்சியில் இருப்பார். இதற்காக இறங்குவார்களா? ஒயரை வாயில் வைத்து, கீழ்வரிசை முன்பல்லால் ஒரு கவ்வு, ஒரு இழுப்பு. தோல் உரிந்து செம்பு பளபளக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்றே அவருக்குப் பாதுகாப்பு விதிகளை வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், வாயிலிருந்த ஒயர்த் தோலைத் துப்பிவிட்டு, "நல்லா வாசிக்கிற மாப்ள" என்றார்.

வெளியூர் வேலைக்குப் போய்த் தங்கியபோதுதான் கவனித்தேன். காலையில் அவர் துப்பிய பேஸ்ட் நுரை ரோஸ் கலரில் இருந்தது. கேட்டால், உடம்புச் சூடு என்றார். சூட்டைத் தணிக்க எண்ணெய் தேய்த்துக் குளித்தார், நுங்கு தின்றார், ஊறவைத்த வெந்தயத்தை விழுங்கினார். உடம்பு குளிர்ந்து ஜலதோஷம் பிடித்தது. ரத்தம் நிற்கவில்லை.

பிறகு அவரே ஆராய்ச்சி செய்து ஒரு முடிவுக்கு வந்தார். பிரஷ் பட்டால்தான் ரத்தம் வருகிறது, ஆகவே குற்றவாளி பிரஷ். அன்றோடு பிரஷ்ஷுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, விரலால் பேருக்குத் தடவிக் கொப்பளித்தார். அதற்கும் ஈறு கசிந்தபோது, யாரோ சொன்னார்கள் என்று கீழுதட்டுக்குள் புகையிலையை ஒதுக்க ஆரம்பித்தார். சில வாரங்களில் கசிவு குறைந்தது. ஒருநாள் வாயைத் திறந்து சைட் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். ஈறு வெளிறி, பல் பழையதைவிட நீளமாகத் தெரிந்தது. பல் வளர்கிறது என்று பெருமைப்பட்டார். பல் வளரவில்லை, ஈறு இறங்குகிறது என்றேன். படித்தவன் பொறாமையில் பேசுவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு மதியம் ஏணி மேலிருந்து ஒயரைக் கவ்வி இழுத்தார். தோல் உரியவில்லை. பல் முன்னால் சாய்ந்து, அங்கேயே நின்றது. நாக்கால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். கதவு மாதிரி ஆடியது. ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, என் காதருகே சொன்னார்.

"மாப்ள, ஆடுது. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

அந்தக் கீழ்வரிசை நாலு பல்லும் போனால் அவருக்கு ஊரில் பேரே போய்விடும். அவர் பயந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவரைவிட நான் பயந்துபோய், மறுநாளே பல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா முனை மழுங்கிய, கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை இறக்கி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் சொன்னார். கடைவாயிலிருந்து ஆரம்பித்தார். "ரெண்டு. மூணு. ரெண்டு." அண்ணன் முகம் வாடியது. ஸ்கூலில் கணக்கில் வாங்கிய மார்க் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நாலு. அஞ்சு." கண்ணில் வெளிச்சம். "ஆறு" என்றதும் படுத்தபடியே எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

டாக்டரம்மா நிமிர்ந்து அந்த விரலைப் பார்த்தார்.

"இது மார்க் இல்லண்ணே. ஈறு பல்ல விட்டு எம்புட்டு ஆழத்துக்குப் பிரிஞ்சிருக்குன்னு மில்லிமீட்டர்ல அளக்குறேன். மூணுக்குள்ள இருந்தாத்தான் நல்லது."

விரல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னும் அளக்காதது கீழ்வரிசை முன்பல் நாலும்தான்.

"அஞ்சு." பிடி இறுகியது. "அஞ்சு." நர்ஸ் தட்டும் சத்தம். மூன்றாவது பல்லில் டாக்டரம்மா கொஞ்சம் தயங்கி, "நாலு" என்றார். நான் மூச்சு விட்டேன். நாலாவது பல்லில் கம்பி போனது, போய்க்கொண்டே இருந்தது.

"ஒம்போது."

வாய் கொப்பளித்து எழுந்து உட்கார்ந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஒயரக் கடிச்சதாலயா மேடம்?"

ஒயரால் இந்த நோய் வரவில்லை என்றார் அவர். பல்லில் தினமும் படிகிற மெல்லிய படலத்தைத் தேய்த்து எடுக்காமல் விட்டால், அது காரையாக இறுகி ஈறுக்கு அடியில் இறங்கும். அதிலுள்ள கிருமிகளால் ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் வரும், பிறகு பல்லை விட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகும், அப்புறம் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் ஆட்கள் தாமதமாக வருகிறார்கள். ஆடுகிற பல்லால் ஒயரை இழுத்தது, அதை இன்னும் ஆட்டிவிட்டிருக்கும். ரத்தம் வந்த அன்றே மெதுவாக, நன்றாகத் தேய்த்துக்கொண்டு இங்கே வந்திருக்க வேண்டும்.

"பொயலை வச்சதும் ரத்தம் நின்னுருச்சே?"

"நோய் நிக்கலண்ணே. புகையிலை ஈறைக் கெடுத்து, ரத்தத்த மறைச்சிருச்சு."

அண்ணன் தலை குனிந்தார். "வெளங்கிருச்சு மாப்ள. லைன்ல கோளாறு. நான் இண்டிகேட்டர் பல்பக் கழட்டி வச்சுட்டு, சரியாப் போச்சுன்னு திரிஞ்சிருக்கேன்."

ஒம்போது வாங்கிய பல்லை எடுத்தார்கள். மற்ற மூன்றும் நிற்கும் என்றார் டாக்டரம்மா, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்து, புகையிலையை விட்டு, தினமும் ஒழுங்காகத் தேய்த்தால். சர்க்கரை இருந்தால் இது முற்றும் என்று ரத்தமும் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை.

திருப்பரங்குன்றத்தில் வீட்டுக்குள் நுழைந்ததுமே மதினி ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். நடந்ததை நான்தான் ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை. "ஒரு வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுக்குறேன் தம்பி. நாத்தம்னு சொன்னா இந்த மனுசன் சோறு திங்காமக் கெடப்பாரேன்னு சொல்லல. ஏன்டின்னு அவரும் கேக்கல" என்றார். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

சுத்தம் செய்ய நாலு தடவை போனோம். கடைசி முறை மறுபடி அளந்தார்கள். மூன்று பல்லும் மூணுக்கு வந்திருந்தன. மூணு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. பில்லை நீட்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"வாயி என்னுது மாப்ள. ஆனா பயந்தது நீயி. பாதிய நீ போடு."

மொத்தச் செலவு ஒரு பல், ஆறாயிரத்து இருநூறு ரூபாய். ரூபாயில் பாதி நான் கொடுத்தேன். பல்லில் பாதி கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.