மச்சாது அண்ணாச்சியின் விசா வகுப்பு

வாசகரே, நம் நடுவே ஒரு தனி ரக மனிதர் உலவுகிறார். தான் எழுதாத பரீட்சைக்கு அடுத்தவனைத் தயார் செய்வார். மூன்று வீட்டில் பெண் பார்த்து மூன்றிலும் வேண்டாமென்று சொல்லப்பட்டவர், புது மாப்பிள்ளைக்கு எப்படி உட்காரவேண்டும் என்று செய்து காட்டுவார். இந்த ரகத்தில் பல கிளைகள் உண்டு. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த புதிதில், எங்கள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய காலத்தில், தண்ணீர் ஊற்றாமலே செழித்து வளர்ந்த கிளைக்கு விசா வாத்தியார் என்று பெயர்.

எங்கள் தெருவின் விசா வாத்தியார் மச்சாது அண்ணாச்சி. கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. வெளிநாடு போனவரா? ஏன் போகாமல்? ஒன்றரை வயதில், தாயின் இடுப்பில் உட்கார்ந்து, தோணியில் கொழும்புக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். தூதரகத்தைப் பார்த்தவரா? வெளிச்சுவரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால், "வெள்ளைக்காரன் மனசு எனக்குத் தெரியும்லா" என்பார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீசில் மிச்சமிருந்த கடைசி வெள்ளைக்கார மேனேஜருக்குக் கொஞ்ச நாள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்தக் காப்பித் தம்ளர் வழியாக அந்த மேனேஜரின் மனசு முழுவதும் அண்ணாச்சிக்குள் இறங்கிவிட்டதாம்.

இவர் கையில்தான் ஹில்டா மாட்டினாள். அவள் உள்ளூர் ஆஸ்பத்திரியில் சொற்பச் சம்பளத்துக்கு நர்ஸ். அப்பா மனுவேல் சங்கு குளித்துக் குளித்து இரண்டு காதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டவர். மூச்சும் இழுக்க ஆரம்பித்து, இனிமேல் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா இல்லை. கீழே இரண்டு தங்கச்சிகள். இந்த நிலைமையில் ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஹில்டாவுக்கு வேலை கொடுத்தது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், நாளைக்கு அவனும் அங்கே போய் வரிசையில் நிற்கவேண்டியது வரலாம். மெட்ராஸில் அந்த நாட்டுத் தூதரக ஆபீசில் நடக்கும் இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி. அதில் விசா கிடைத்தால் வீட்டில் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் மனுவேல் டாக்டர் பேச்சை மீறி மறுபடியும் கடலுக்குள் குதிப்பார். அது ஹில்டாவுக்குத் தெரியும். அதனால்தான் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டாள்.

செய்தி பரவிய அன்று சாயங்காலமே அண்ணாச்சி வந்துவிட்டார். நாற்காலியைத் தன் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தார். ஹில்டா வீட்டு நாற்காலியில் அதிகாரித் தோரணை வரவில்லையாம். கால்மேல் கால் போட்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்.

"சொல்லு. எதுக்கு எங்க நாட்டுக்கு வார?"

"வேலை பார்க்க, மாமா."

"மாமாவா? ஏளா, நான் இப்ப துரை! வேலை பார்க்கன்னு சொன்னியோ, போச்சு. எங்க நாட்டுல வேலைக்கு ஆள் இல்லியான்னு அவனுக்கு ரோஷம் வந்துரும்."

"வேலைக்குத்தானே மாமா விசாவே கேக்கோம்?"

"கேள்வியப் பார்க்காத. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலயும் இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கும். அதுக்குப் பதில் சொல்லணும்."

ஒளிந்திருக்கும் கேள்வி எது என்று கேட்டால், அது கேட்பவனுக்கே தெரியாது என்பார். இப்படி ஒரு பரீட்சையை எந்தச் சர்வகலாசாலையாவது நடத்தியதுண்டா?

அடுத்தது சிரிப்பு. பல் தெரியச் சிரித்தால் பஞ்சத்தில் அடிபட்டவள் என்று நினைப்பானாம். சிரிக்காவிட்டால் சீக்காளி என்று நினைப்பானாம். ஆகவே பாதிச் சிரிப்பு. இடது பக்க உதடு மட்டும். ஹில்டா இதை ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் பழகினாள். குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்த ஒரு பெரியவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, "தாயி, உண்மையச் சொல்லிரு, நான் பொழைக்க மாட்டேனா?" என்று அழுதே விட்டார்.

பிறகு மீனுக்கு வந்தார் அண்ணாச்சி. தூதரகத்துக்காரனுக்கு மூக்கு கூர்மையாம். இன்டர்வியூ முடியும்வரை அந்த வீட்டில் மீனும் கூடாது, கருவாடும் கூடாது. வாசலில் நின்றால் சீலா மீன் வறுக்கிற வாசனை நாலு பக்கமும் மூக்கைத் துளைக்கிற தெருவில் இப்படி ஒரு சட்டம்! தங்கச்சிகள் கத்தரிக்காய் சாம்பாரை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனுவேல் தட்டைத் தள்ளிவிட்டு, "வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

இதெல்லாம் சில்லறைச் சேட்டை. அண்ணாச்சியின் மூளை முழுசாகத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

"திரும்பி வருவியான்னு கேப்பான். அதுதான் கண்ணி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்னா வயலக் காட்டுவான், இதுக்காக வருவேன்னு. நாம எதக் காட்ட? கடலயா காட்ட முடியும்?"

"வீடு இருக்கே மாமா."

"வாடகை வீடு! மாப்பிள்ளையக் காட்டுவோம். கல்யாணத்துக்கு வந்துதானே ஆகணும்?"

மாப்பிள்ளைக்கு எங்கே போவது? அண்ணாச்சியின் தங்கச்சி மகன் வளன் இருக்கிறானே, தோணியில் வேலை பார்க்கிறவன், வாயில்லாப் பூச்சி. அவனை இரவல் கொடுத்தார். வெறும் பேச்சு செல்லாது என்று மாதா கோவிலில் ஓலை வாசிக்கவும் ஏற்பாடு செய்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். முதல் ஓலை வாசித்ததும் மெட்ராஸ், விசா கைக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அண்ணாச்சியின் கணக்கு. சாமியாருக்கு இந்தக் கணக்கு தெரியாது. "மாமா சொன்னாவ, சரின்னுட்டேன்" என்றான் வளன். மனுவேலின் காதில் கல்யாணம் என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ விழுந்து, "பையனுக்குக் குடி கிடையாதுல்லா?" என்று சந்தோஷமாக விசாரித்தார்.

முதல் ஓலை வாசித்த அன்று கோவிலே திரும்பி ஹில்டாவைப் பார்த்தது. வளனின் தாயார் அவள் கன்னத்தைத் தடவி அழுதாள். மறுநாள் மெட்ராஸ் ரயில். இரவல் மோதிரம் விரலில். அண்ணாச்சி ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலோடு ஓடிக்கொண்டே, "பாதிச் சிரிப்பு! பாதிதான்!" என்று கத்தினார்.

தூதரகத்தில் இருந்தவர் இளவயசுக்காரர். ஒளித்துவைத்த கேள்வி எதுவும் அவரிடம் இல்லை. மோதிரத்தைப் பார்த்தார்.

"கல்யாணம் எப்போது?"

"வருகிற தை மாதம்."

"ஒப்பந்தம் இரண்டு வருடம் ஆயிற்றே? பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவீர்களா?"

இதற்கு வகுப்பில் பதில் இல்லை. ஹில்டா பாதிச் சிரிப்பு சிரித்தாள். மனுஷர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எழுந்து நின்று, நன்றாக வாழுங்கள் என்று மனதார வாழ்த்தி, விசா இல்லை என்று அனுப்பிவைத்தார்.

ஊருக்கு வந்து ஹில்டா தேம்பித் தேம்பி அழுதாள். வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "தைன்னா எந்தத் தைன்னு நீ ஏன் வெளக்கிச் சொல்லல? நான் ரெண்டு வருஷம் கழிச்சு வார தையல்லா நினைச்சிருந்தேன்!" கேட்டீர்களா? பரீட்சையில் தோற்றவள் அவள், பாடம் பாஸ்.

அழுகை அடங்குவதற்குள் அடுத்த ஞாயிறு நெருங்கிவிட்டது. இரண்டாவது ஓலை வாசிக்கப்போகிறார்கள். வளன் வீட்டில் பலகாரத்துக்கு மாவு இடித்தாகிவிட்டது. ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே சாமியாரிடம் போனாள்.

"சாமி, அந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கு."

"என்ன தடை?"

"எனக்கு இஷ்டமில்ல."

நடந்த கதையைக் கேட்டுச் சாமியாருக்கு வந்த கோபத்தில் மேசை ஆடியது. ஹில்டாவுக்கு ஒரு ஜெபமாலை அபராதம். அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு ஐம்பது ஜெபமாலை. அதுவும் வாயைத் திறக்காமல் மனதுக்குள் சொல்லவேண்டும் என்று கண்டிப்பு. வளன் மட்டும் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டான்.

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்லவர்கள், ஆனி மாதம்வரை இடத்தை வைத்திருப்பதாக எழுதினார்கள். இன்னொரு தடவை விண்ணப்பம் போடலாம். சும்மா இருக்குமா ஊர்? ஒருதரம் தோற்றவள் எல்லாருக்கும் சொந்தம். கறிக்கடைக்காரர் முதல் கல்யாணத் தரகர்வரை ஆளுக்கொரு பதிலோடு வர ஆரம்பித்தார்கள். ஹில்டா எல்லாரிடமும், "வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை இருக்கு, போயிட்டு வாரேன்" என்றாள். மெட்ராஸ் போனாள். சொன்னது பொய்யாகிவிடக்கூடாதென்று திரும்பும்போது வேளாங்கண்ணியிலும் இறங்கி ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவின் காதில், "விசா கெடைச்சிட்டுப்பா!" என்று அவருக்குக் கேட்கிறமாதிரிக் கத்தினாள். அதனால் தெரு முழுவதற்கும் கேட்டது. மனுவேல் அவள் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். தங்கச்சிகள் மீன் வாங்க ஓடினார்கள்.

ஹில்டா கிளம்புகிற அன்று பஸ் நிலையத்தில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். இரண்டாவது தடவையும் அதே அதிகாரிதானாம். விரலில் மோதிரம் இல்லாததைப் பார்த்துவிட்டு, "திரும்பி வருவீர்களா?" என்று நேராகவே கேட்டாராம். இவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம், யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். அவர் மறுபேச்சுப் பேசாமல் முத்திரையைக் குத்திவிட்டாராம்.

அது என்ன வாக்கியம் என்று மச்சாது அண்ணாச்சி என்னிடம் கேட்காத நாளில்லை. நான் சொல்லவில்லை.

இதென்ன, நீங்களும் முன்னால் நகர்ந்து உட்காருகிறீர்கள்? உங்களுக்கு எதற்கு ஐயா அது? நீங்கள் என்ன நர்ஸா? நாளைக்கு மெட்ராஸுக்கு ரயில் ஏறப்போகிறீர்களா? இல்லையல்லவா? உங்கள் மச்சினன் மகனுக்கு அடுத்த மாதம் இன்டர்வியூ இருக்கிறது, அதானே?

சொல்லமாட்டேன். அந்தப் பையனாவது பிழைத்துப் போகட்டும்.