போன வருஷம் ஓடின வண்டி

சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

எட்வர்ட் இன்னொரு முறை திருப்பினான். பக்கத்து சீட்டில் அவன் அம்மா ஞானம்மா, பவனி ஏற்கெனவே கிளம்பிவிட்டதுபோல மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா?"

"ஸ்டார்ட் ஆவல."

"நல்லா திருப்பு. உங்கப்பா திருப்புனா ஆவும்."

"அவரு இன்னா வேற சாவியா வச்சிருந்தாரு?"

"வேற கை வச்சிருந்தாரு" என்றாள் ஞானம்மா.

மே முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றுதான் சூசையப்பர் திருவிழா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்தக் காலனியில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் இரும்பு அடிப்பவர்கள், மீதிப் பேர் அடித்த இரும்பை ஏற்றுபவர்கள். தொழிலாளிகளின் புனிதருக்கு ஒரு தொழிலாளியின் வண்டியே தேராக இருக்க வேண்டும் என்று இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் முடிவு செய்தவர் எட்வர்டின் அப்பா பாக்கியராஜ். கொரோனா வந்த இரண்டு வருஷம் தவிர, அவருடைய பிக்கப் வண்டியில்தான் சூசையப்பர் ஊரைச் சுற்றி வந்தார்.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக வண்டிக்கு அது ஒன்றுதான் வேலை. மற்ற நாளெல்லாம் வீட்டுப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் நிற்கும். பவனியன்று கீழே தரை தொடுகிற வரைக்கும் வெள்ளைத் துணி கட்டி, பூ ஜோடித்து, முன்னால் பேண்டு செட்டு, அதை ஒட்டியபடி இரைந்துகொண்டே ஜெனரேட்டர். பின்னால் இளைஞர் சங்கத்துப் பதினாறு பேர் சூசையப்பர் சொரூபத்துக்குப் பாதுகாப்பாக வண்டியைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். பாக்கியராஜ் ஓட்டினால் சொரூபத்தின் கையிலிருக்கும் லில்லிப்பூகூட ஆடாது. "கிளட்ச்ச வுடுறதே தெரியாதுபா. ஓட்டுறாரா, மெதக்க வுடுறாரான்னே தெரியல" என்று ஊரில் பெரிய பெரிய லாரி டிரைவர்களே சொல்வார்கள்.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீயைப் பாதி குடித்திருந்தபோது அவர் இறந்துபோனார். மீதி டீயை யார் எடுத்துக் கொட்டியது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

ஞானம்மா அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள். "அந்த சீட்ல நீ உக்காந்து ஓட்டணும். ரோட்டோரமா நின்னு நான் பாக்கணும். அவ்ளோதான்."

எட்வர்ட் ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இருபது டன் மிஷினைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இது என்ன பிரமாதம்?

"போன வருஷம் ஓடின வண்டி. பேட்டரி டவுனா இருக்கும்" என்றான்.

புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினான். மாட்டியதும் ஹாரன் அடித்தது. யாரும் அமுக்காமலே அடித்தது. நிறுத்த முடியவில்லை. தெருவே கூடிவிட்டது. ஞானம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு ஹாரன் சத்தம்டா."

"அத்தை, காது கிழியுது" என்றாள் எட்வர்டின் மனைவி மோனிகா.

எட்வர்ட் அவசரத்தில் ஒரு ஒயரை வெட்டினான். ஹாரன் நின்றது. கூடவே ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் நின்றன. இஞ்சின் மட்டும் முன்பு இருந்த நிலையிலேயே இருந்தது.

மறுநாள் பஜாரிலிருந்து மெக்கானிக் தணிகைவேல் வந்தார். பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே எலிக்கூடு. பஞ்சு, தேங்காய் நார், கிழிந்த காகிதம். ஒரு காகிதத்தை விரித்துப் படித்தார். சூசையப்பர் திருவிழா நோட்டீஸ். பத்து வருஷத்துக்கு முந்தையது.

"வண்டி எப்ப ஓடுச்சி?"

"போன வருஷம்" என்றான் எட்வர்ட்.

"போன வருஷம்" என்றாள் மோனிகா.

"ஊரே பாத்துச்சி" என்றாள் ஞானம்மா.

தணிகைவேல் மூன்று பேரையும் பார்த்தார். மறுபடி நோட்டீஸைப் பார்த்தார்.

"அப்ப எலிங்க பழைய பேப்பர் கடையில வாங்கினு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு டீசல் டேங்கைத் திறந்தார். டீசல் இல்லை. அடியில் அல்வா மாதிரி ஏதோ இருந்தது.

"டேங்க்க கயட்டி நல்லா கழுவி வையிங்க. நாளைக்கு வரேன்."

எட்வர்ட் கழற்றினான். மோனிகா பாத்திரம் தேய்க்கிற பவுடரும் கம்பி நாரும் எடுத்து வந்து, ஒரு மணி நேரம் தேய்த்தாள். துரு முழுக்கப் போனது. துரு போனதும் டேங்க்கும் போனது. சல்லடைபோல அதை வெயிலில் தூக்கிப் பிடித்து அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, உங்க மூஞ்சி தெரியுது."

"யாரு உன்ன இவ்ளோ தேய்க்கச் சொன்னது?"

"கழுவச் சொன்னீங்க. என் கைக்கு இப்டித்தான் கழுவத் தெரியும்."

ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை சீட்டுக்குப் பின்னால் கட்டி, அதிலிருந்து டியூப் விட்டு டீசல் கொடுப்பது என்று முடிவானது. மறுநாள் தணிகைவேல் வந்து டியூபை மாட்டிவிட்டு இஞ்சினைச் சுற்றப் பார்த்தார். சுற்றவில்லை. கம்பி போட்டு நெம்பினார். அசையவில்லை.

"ஜாம் ஆயிருக்குது சார். கல்லு மாதிரி கீது. ஒரு வருஷத்துல இப்டி ஆவாதே."

"போன வருஷம் ஓடின வண்டிங்க" என்றான் எட்வர்ட், கொஞ்சம் கோபமாக.

"சார், நீங்க ஓடுச்சின்றீங்க. இது நான் ஓடவே இல்லன்னுது. நான் யாரத்தான் நம்புறது?"

"எங்க ஊட்டுக்காரரு ஓட்டுனத நீ சந்தேகப்படுறியா?" என்றாள் ஞானம்மா.

"ஐயய்யோ, இல்லம்மா."

இஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவிடச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன எண்ணெயோடு, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மந்திரித்த எண்ணெயையும் ஞானம்மா யாருக்கும் தெரியாமல் ஊற்றினாள்.

இளைஞர் சங்கத் தலைவன் இம்மானுவேல் ஞாயிற்றுக்கிழமை வந்தான். அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் காண்ட்ராக்ட் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் ஊரில் இருப்பான். வந்தவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு சக்கரத்தையும் காலால் உதைத்துப் பார்த்தான்.

"டயர்ல காத்து நிக்குதாண்ணே?"

"டயருக்கு இன்னா, நல்லாத்தான் கீது. இஞ்சின்தான் பேஜாரு."

"ஸ்டியரிங் திரும்புதா?"

"திரும்புது. ஏண்டா, நான் இஞ்சின் ஜாம்னு சொல்லிக்கினு இருக்கேன்..."

இம்மானுவேல் வாயைத் திறந்தான். அந்த நேரம் ஞானம்மா மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் மோரைக் குடித்துவிட்டு, "எல்லாம் நடக்கும்மா" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினான்.

"பாவம், மிஷின பத்தி ஒண்ணும் தெரியாத புள்ள" என்றான் எட்வர்ட்.

"சோத்த பத்தி நல்லா தெரியும்" என்றாள் ஞானம்மா. "வருஷா வருஷம் திருவிழா முடிஞ்ச மறுநாளு பதினாறு பேருக்கும் உங்கப்பா மட்டன் பிரியாணி போடுவாரு. சாமி கூட நடந்து வந்ததுக்கு எதுக்குயா பிரியாணின்னு கேட்டா, பசியா இருப்பாங்க ஞானம்னுவாரு. அப்டி இன்னா மலையப் பொளந்தாங்க?"

அன்று மாலை செவ்வாப்பேட்டையிலிருந்து எட்வர்டின் தங்கை ஹெலன் வந்துவிட்டாள். கூடவே நான்கு டப்பா நீலப் பெயிண்ட். நாத்தனாரும் அண்ணியும் இரண்டு நாள் உட்கார்ந்து வண்டிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கதவில் அப்பாவின் பெயரை ஹெலன் மஞ்சள் எழுத்தில் எழுதினாள். பழைய எழுத்து எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில். எழுதிவிட்டுப் பிரஷைத் துடைத்தாள்.

பிறகு, "அண்ணா, ஓடுதா?" என்றாள்.

"நாளைக்கு ஓடும்."

மறுநாள் எட்வர்ட் மில்லிலிருந்து இரண்டு நண்பர்களையும் ஆறடி நீளப் பைப்பையும் கூட்டி வந்தான். முன்பக்க போல்ட்டில் பைப்பை மாட்டி மூன்று பேரும் தொங்கினார்கள். போல்ட் சுற்றியது. இஞ்சின் சுற்றவில்லை. உடைந்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்வர்ட் தணிகைவேலுக்கு போன் செய்தான்.

"இஞ்சின வெளிய எடுத்துடலாம் சார். வேற வழி இல்ல."

வேப்பமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி இஞ்சினைத் தூக்கினார்கள். அழகாக வந்தது. அந்தரத்தில் தொங்கியது. வண்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பின்னால் தள்ளினார்கள். விரலை வைத்த மாதிரித்தான் இருந்தது. அது பாட்டுக்கு உருண்டு போனது. "பரவால்லியே" என்றான் எட்வர்ட். அப்போதுதான் கிளை மெதுவாக முறிந்தது. யார்மேலும் விழாமல், இஞ்சின் நேராகப் போய்த் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தது. அங்கிருந்து அதை அசைக்க முடியவில்லை.

மோனிகா அழுக்குத் துணி வாளியோடு வந்து பார்த்தாள்.

"இன்னா இது?"

"இஞ்சின்."

"நான் எங்க தொவைக்கிறது?"

"ரெண்டு நாளு பொறுத்துக்கோயேன்."

"அதுமேலயே தொவைக்கட்டுமா? அதுவாச்சும் ஒரு வேல செய்யட்டும்."

தணிகைவேல் இஞ்சினைப் பிரித்து, உள்ளிருந்ததைச் சாக்கில் போட்டு லேத்துக்கு எடுத்துப்போனார். லேத்துக்காரர் பத்து நாள் கேட்டார். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. வெளியே அழகு கூடக் கூட வண்டிக்குள் சாமான் குறைந்துகொண்டே வந்தது. இப்போது பானெட்டைத் திறந்தால் தரை தெரிந்தது.

"நாளைக்கு அந்த மெக்கானிக்கு வந்து மாட்டிடுவான் இல்ல?" என்று கேட்டாள் ஞானம்மா.

எட்வர்டுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மாட்டிடுவாரும்மா" என்றான்.

அவள் பாக்கியராஜின் துண்டைத் துவைத்து, கல் இல்லாததால் வாளியிலேயே அலசி, காயவைத்து, மடித்து, டிரைவர் சீட்டின் முதுகில் போட்டாள். அவர் போடுகிற மாதிரியே, இடது பக்கம் கொஞ்சம் இறக்கி.

ஏப்ரல் முப்பதாம் தேதி காலை எட்வர்ட் கோயிலுக்குப் போனான். அம்மாவிடம் பூவுக்குச் சொல்லிவிட்டு வருவதாகப் பொய் சொன்னான். வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். அடுத்த ஊரில் நெல் பயிரிடும் துளசிராமன் புது வண்டி வாங்கியிருக்கிறார். "எந்த சாமியா இருந்தா இன்னா, எடுத்துக்கினு போங்கபா" என்று போன வாரமே சொல்லியிருந்தார். அந்த வண்டியைக் கேட்டுக்கொள்ளலாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் வரவில்லை.

கோயில் வாசலில் இம்மானுவேலும் பையன்களும் வெள்ளைத் துணியை அளந்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, துளசிராமன் வண்டிக்குச் சொல்லிடு" என்றான் எட்வர்ட். "எங்க வண்டி வராது."

பையன்கள் துணியைக் கீழே விட்டார்கள்.

"ஏண்ணே? டயர் பஞ்சரா?"

"டயர் இல்லடா. இருபத்தஞ்சு வருஷம் ஓட்டுன மனுஷன். போன வருஷம் வரைக்கும் ஓடின வண்டி. நான் கைய வச்சேன், பன்னெண்டு நாள்ல எல்லாம் போச்சு." அவன் குனிந்து துணியின் ஒரு முனையை எடுத்தான். "வண்டியில இஞ்சினே இல்லடா. கயட்டியாச்சு. துவைக்கிற கல்லுமேல கெடக்குது."

இம்மானுவேல் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"அம்மா கூட வந்திருக்காங்களாண்ணே?"

"இல்ல."

"நல்லா தெரியுமா?"

"ஊட்ல கீறாங்கடா. ஏன்?"

இம்மானுவேல் ஒரு பெரிய மூச்சு விட்டான். பின்னால் நின்ற பதினைந்து பேரின் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்பாடா! பன்னெண்டாவது படிக்கிறப்பலேர்ந்து அந்த இஞ்சினையும் சேத்துல்லண்ணே தள்ளிக்கினு வரோம்!"