வளர்ற புள்ளைக்கு ஒரு வேக்போர்டு

கடைக்காரர் எடுத்துக் காட்டுகிற சட்டை பிள்ளைக்குக் கச்சிதமாக இருந்துவிட்டால் முகம் வாடிப்போகிற மனித இனம் ஒன்று உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வளர்ற புள்ள' அப்பா. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் வில்லியனூர் ஜவுளிக்கடைகளுக்குப் போனால் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். "அளவு சரியா இருக்கே" என்று கடைக்காரர் வாய் திறந்ததும், ஏதோ துக்கச் செய்தி கேட்டதுபோல், "அய்யய்யோ, வளர்ற புள்ளபா, இதுக்கு மேல சைஸ் குடு" என்று அலறும். அலறிக்கொண்டே வரப்போகிற வருஷத்துச் சட்டையைப் பிள்ளையின் தலைவழியாகக் கவிழ்க்கும். உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

எங்கள் செல்லிப்பட்டில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி கலைவேந்தன். எனக்குப் பக்கத்து வீடு. பொல்லாதவர் இல்லை, கஞ்சரும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் தென்றல் என்றால் அவருக்கு உயிர். அந்த உயிரை எப்போதும் இரண்டு வயது கூட்டியே பார்ப்பார், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் படித்தபோது அவளுடைய சீருடைப் பாவாடையின் மடிப்பைப் பிரித்திருந்தால் அரைப் பந்தலுக்குத் துணி தேறியிருக்கும். அவள் நடந்து முடித்த பிறகு செருப்பு தனியாக நடந்து வரும். சைக்கிள் இருந்தது, கால் எட்டுகிற நாளுக்காக ஸ்டாண்டு போட்டு, தினமும் துடைத்து வைத்திருந்தார்கள். விட்டால் அவளுடைய பல்லைக்கூட ஒரு சைஸ் பெரிதாக முளைக்கச் சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்டவர் கையில் வேக்போர்டு வாங்கும் பொறுப்பு வந்தால் என்ன ஆகும்?

வந்தது. தென்றலின் தாய்மாமன் திலீப், கடற்கரைப் பக்கம் கழிமுகத்தில் மோட்டார் படகு வைத்துப் பிள்ளைகளுக்கு வேக்போர்டு பழக்குகிறவன். பெரிய மர்மம் ஒன்றுமில்லை, ஒரு பலகை. அதன்மேல் இரண்டு ஷூ பொருத்தியிருக்கும். அதில் காலை நுழைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் படகு இழுக்கும், பிள்ளை நின்றபடியே தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போகும். அதைக் கரையிலிருந்து பார்த்த நாள் முதல், அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த தென்றலுக்கு வேறு ஆசையே இல்லை. தண்ணீர்மேல் ஒரு தடவை நிற்க வேண்டும். வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். டீச்சரிடமும் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டு வாசலில் முட்டியை மடக்கி, இல்லாத கயிற்றை இறுக்கிப் பிடித்து, எப்படி நிற்பது என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

கடைக்கு மாமனும் மச்சானும் போனார்கள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு, வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"மாமா, புள்ளயோட எடைக்குத் தகுந்தாப்ல தான் எடுக்கணும். இத பாருங்க, சின்னது, மெத்துன்னு வளையும். அவளே சாய்ச்சித் திருப்பிக்குவா" என்றான் திலீப்.

"இன்னாடா இது, இதுல இட்லி வச்சித்தான் துன்னலாம். அடுத்த வருசம் பத்துமா?"

"ஷூவு முன்னாடி தொறந்துதான் மாமா இருக்கு. பட்டைய தளத்திக்கலாம். கால் வளந்தாலும் ஆவும்."

கலைவேந்தன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஷூவையே வளர்ற புள்ளைக்கின்னு செஞ்சிருக்கான் பாரு! செஞ்சவனே அப்டி யோசிக்கிறப்ப, பலகைய மட்டும் நாம ஏன்டா சின்னதா வாங்கணும்?"

கடையிலேயே பெரிய பலகை வீட்டுக்கு வந்தது. லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் திலீப் விட்டுக்கொடுக்கவில்லை. "பெரிய ஜாக்கெட்டு போட்டா புள்ள கீழ பூடும், ஜாக்கெட்டு மட்டும் மேல மெதக்கும்" என்று சண்டை போட்டு, அவளுக்குப் பொருந்துவதைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பலகையோடு டவுன் பஸ் ஏறினோம்.

"இன்னாபா இது, கதவா?" என்றார் கண்டக்டர்.

"புள்ளைக்குப் பலக. தண்ணில நிக்க."

கண்டக்டர் தென்றலைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு பலகையை அண்ணாந்து பார்த்தார். "நிக்கவா, குடும்பத்தோட குடி போவவா?"

"வளர்ற புள்ளபா."

"அப்ப பலகைக்கு டிக்கெட் எடு. புள்ள லக்கேஜ்ல வரட்டும்."

கழிமுகத்தில் பார்த்தால், ஷூவின் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தென்றலின் இரண்டு கால்களும் ஒரே ஷூவுக்குள் அடங்கும் போலிருந்தது. "ஏங்க, தம்பி சொல்றத கேளுங்களேன்" என்றாள் கலைவேந்தனின் மனைவி ரஞ்சனி. "நீ சும்மா இரு. துணி அடச்சா கச்சிதமா பூடும்" என்றார் அவர். ரஞ்சனியின் பழைய புடவை ஒன்று முழுதாக உள்ளே போனது. படகு கிளம்பியது. கயிறு போனது, கயிற்றோடு பிள்ளையும் போனாள். பலகை மட்டும் வரவில்லை. இரண்டு ஷூக்களும் புடவை சகிதம் இருந்த இடத்திலேயே மிதந்தன. மறுபடி இறுக்கிக் கட்டினார்கள். இந்த முறை பலகை அசைய மறுத்துப் பிள்ளையைக் குப்புறக் கவிழ்த்தது. "பலக சூப்பர் பலகடா, புள்ளதான் வெயிட் பத்தல. முன்னாடி ஒரு மணல் மூட்ட வச்சிப் பாப்பமா?" என்று கேட்டார் கலைவேந்தன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மணல் எங்கே இருக்கிறது என்று பார்வையால் தேடவும் ஆரம்பித்துவிட்டார்.

திலீப் தன்னிடமிருந்த சின்னப் பலகையைத் தண்ணீரில் போட்டான். "ஒரே ஒரு ரவுண்டு மாமா. இதுல நிக்கட்டும்."

தென்றல் ஒரு காலை அதன் ஷூவுக்குள் நுழைத்தும்விட்டாள்.

"வாணாம்டா. சின்னதுல பழகிட்டா அப்பறம் பெருசுல நிக்கவே மாட்டா."

அவள் அழவில்லை. காலை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டு, "அடுத்த வருசம் சரியாயிடும்ல பா?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனைப் பலகையோடு சேர்த்து ஆற்றில் தள்ளலாம் போலிருந்தது. தள்ளவில்லை, பக்கத்து வீடாயிற்றே.

பலகை பாலிதீன் உறை போர்த்திக்கொண்டு அறை மூலையில் நின்றது. பொங்கலுக்குப் பொங்கல் தென்றலை அதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பார், ஷூவுக்குள் காலை விடச் சொல்வார், "இன்னும் கொஞ்சம்" என்று திருப்தியாகத் தலையாட்டுவார். இந்தப் பொங்கலன்று தெருவே கேட்கிற மாதிரி அவர் கத்தியது என் காதில் விழுந்தது. "ஆய்ட்ச்சி! கரெக்ட்டா ஆய்ட்ச்சி!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான், அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற தென்றல் ஷூவிலிருந்து காலை உருவிக்கொண்டே, "எனக்கு வாணாம்பா" என்றாள்.

"ஏன்டி? தண்ணிமேல நிக்கணும்னு அப்டி அழிச்சாட்டியம் பண்ணியே!"

"அது சின்ன வயசு ஆசப்பா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

கலைவேந்தன் பாலிதீன் உறையை எடுத்துப் பலகைக்குத் திரும்பப் போர்த்தினார். எனக்கே பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "பரவால்ல சார். நாளைக்கு அவளுக்கு ஒரு புள்ள பொறக்கும்ல, அதுக்கு ஆவும். நல்லவேள, பெருசாவே வாங்கி வச்சன்."

இந்த இனத்தைத் திருத்த முடியாது. நீங்களும் என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்கிறீர்கள், இல்லையா? சந்தோஷம். ஆனால் போன வாரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் மடியில் இருந்த குழந்தையைக் கொஞ்சி, "பாப்பா எந்த வகுப்பு?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று சொன்னீர்கள். அவர் கேட்டது எந்த வகுப்பு என்றுதான்.