நாலாயிரம் வருஷத்துக் களிம்பும் நானும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் பையனும் உங்கள் மகளும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும் சம்பந்தியம்மாளின் இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன். நிற்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் மகள் உங்களுக்குப் போன் செய்து, "அப்பா, மாமா என் வேலையைக் கெடுத்துட்டாருப்பா" என்று அழுததும், அந்த நேரம் பார்த்துப் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதும் எனக்குத் தெரியும். அப்புறம் நடந்த சந்தோஷத்தில் அவள் மீதியைச் சொல்ல மறந்துவிட்டாள். நீங்களும் அதன்பின் இரண்டு முறை கூப்பிட்டு, வீட்டில் எல்லாரையும் விசாரித்து, என்னை மட்டும் விட்டுவிட்டீர்கள். பாதிக் கதை முழுப் பொய்யைவிட மோசம். ஆகவே மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் தண்ணீர்ப் பம்பு பிட்டராக இருந்தவன் நான். துருவும் களிம்பும் எனக்கு ஜென்ம விரோதிகள். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைப்பதுபோல் நான் உப்புத்தாள் துண்டு வைத்திருப்பேன். அருங்காட்சியகத்தில் பழஞ்சாமான்களை ஆராய்கிற உங்கள் மகளோ களிம்பைக் கண்டால் பூரித்துப்போகிறவள். ஆதிகாலத்துத் துணி மண்ணுக்குள் நிற்காதாம், மக்கிவிடுமாம். ஆனால் செம்புச் சாமான் மேல் ஒட்டிக் கிடந்தால் பச்சைக் களிம்பு ஊறி ஊறி நூலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், நூல் போனாலும் நெசவு அப்படியே அச்சாக நிற்குமாம். அந்த மனிதர்கள் எப்படி நூற்றார்கள், எப்படி நெய்தார்கள் என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறாள். இதைச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு நாலு தடவை சொல்லியிருக்கிறாள். நானும் நாலு தடவை தலையாட்டினேன். ஆடியது தலை மட்டுந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடியில் அவள் அறை. உங்கள் மகள் இயக்குநரோடு கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி, வாசலில் இருந்தவர் என்னை உள்ளே உட்கார வைத்தார். மேஜையில் ஒரு தட்டு நிறையப் பச்சை பிடித்த செம்புத் துண்டுகள். தட்டின் மேல் அவள் கையெழுத்தில் "துணி இல்லை, கிடங்குக்கு" என்று சீட்டு. நீங்களே சொல்லுங்க சம்பந்தி, ஒன்றும் இல்லை என்று எழுதி ஒதுக்கின சாமானைச் சும்மா பார்த்துக்கிட்டு உட்கார ஒரு பிட்டரால முடியுமா? மேலாக ஒரு கத்தி கிடந்தது, உள்ளங்கை நீளம். பாவம், பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சும்மா முனையை மட்டும் தேய்த்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முனை பளபளத்தது. முனை பளபளத்தால் நடு சும்மா இருக்குமா, அதுவும் கூப்பிட்டது, நானும் போனேன்.

ஒரு அங்குலம் தேய்த்திருப்பேன். அதற்குப் பக்கத்தில் படிந்திருந்த மண் உதிர்ந்தது. விரல் நின்றுவிட்டது. அரம் தொட்டுத் தொட்டுக் காய்ந்த விரல் இது, ஏமாறாது. சொரசொரப்பு இருந்தது, ஆனால் அரத்தின் பல் ஒரு பக்கமாகத்தான் ஓடும், இது இரண்டு பக்கமும் ஓடியது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. அப்போதுதான் அந்த நாலு தடவையும் ஒன்றாகச் சேர்ந்து என் காதுக்குள் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது பளபளத்த முனையும் என் கையிலிருந்த உப்புத்தாளும் மட்டுந்தான்.

"மாமா, என்ன பண்ணிட்டீங்க?"

"ஒரு நிமிஷம் கேளும்மா..."

கேட்கவில்லை. வெளி வராந்தாவுக்குப் போய் உங்களுக்குப் போன் செய்தாள். நான் கத்தியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றேன். மூக்கு அரித்தது; சொறியவில்லை. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"நீ என்னை அப்புறம் திட்டும்மா. முதல்ல இங்க தொட்டுப் பாரு."

"தொடக் கூடாது மாமா!"

"அப்போ கண்ணாடி வெச்சுப் பாரு."

பூதக்கண்ணாடியை எடுத்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூச்சு விடாமல், "மாமா, நகராதீங்க" என்றாள். நான் எங்கே நகர? அடுத்த கால் மணி நேரம் நான்தான் மேஜை. என் கையில் வைத்தபடியே படம் எடுத்தாள், நூல் எண்ணினாள். ஊடும் பாவுமாக அச்சுப் பிசகாத நெசவு, சம்பந்தி! அவளுடைய ஐந்து வருஷத் தேடலில் இவ்வளவு முழுசாகக் கிடைத்தது இதுதானாம். "தேய்க்காம இருந்திருந்தா இன்னும் ஒரு அங்குலம் இருந்திருக்கும்" என்று திட்டினாள். "தேய்க்காம இருந்திருந்தா கிடங்குக்கே போயிருக்கும்" என்று அவளே சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

கத்தி மேலே துணி ஏன் வந்தது என்று கேட்டேன். யாரோ சுற்றி வைத்திருக்கிறார்கள் என்றாள். நானும் என் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றித்தானே வைப்பேன்? நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள், களிம்பு பிடிக்கக் கூடாதே என்று சுற்றினான். களிம்பு பிடித்ததால்தான் அவன் வீட்டுத் துணி நமக்குத் தெரிந்தது. என் ஜாதி ஆள் அவன், பிட்டர் ஜாதி.

இப்போது ஒதுக்கின தட்டுகளையெல்லாம் மறுபடி பார்க்கிறார்கள். வாரம் இரண்டு நாள் நானும் போகிறேன். கையுறை மாட்டி, கையைப் பின்னால் கட்டி, கண்ணால் மட்டும் பார்க்க எனக்கு உத்தரவு. வாசலில் சட்டைப்பையைச் சோதிக்கிறார்கள். அறிக்கையில் என் காரியத்தை "மேற்பரப்பு ஆய்வின்போது தெரியவந்தது" என்று எழுதியிருக்கிறாள். முப்பத்தொரு வருஷத்தில் யாரும் என் தேய்ப்பை இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. மனசு நிறைஞ்சு இருக்கு சம்பந்தி. தங்கமான பெண்ணைக் கொடுத்தீர்கள்.

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீரும் மனதில் நிம்மதியும் தடையில்லாமல் வரட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் மகள் பார்த்துவிட்டாள். கட்டுரை அச்சில் வரும்வரை இது வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாதாம். ஆகவே மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. கத்தி இல்லை, துணி இல்லை, நான் அந்தப் பக்கமே போகவில்லை. நீங்கள் கடிதத்தை எப்போதும் கூடத்தில் நின்று உரக்கப் படிப்பீர்கள் என்றும் இப்போதுதான் சொல்கிறாள். அப்படியானால் சம்பந்தியம்மாளும், மாடியில் குடியிருப்பவர்களும், ஜன்னல் பக்கம் நிற்கும் யாராக இருந்தாலும், தயவுசெய்து இதைக் கேட்காதவர்களாக இருந்துகொள்ளவும். என்மேல் உள்ள கோபத்தை மட்டும் கட்டுரை வரும்வரை அப்படியே வைத்திருங்கள். அப்போதுதான் யாருக்கும் சந்தேகம் வராது.